லீஸ் இன்னா லேசா?

இந்தத் தடவை வீட்டு ஓனரிடம் தானேதான் பேசுவது, பெண்டாட்டியை வாயே திறக்க விடுவதில்லை என்று ஆதிமூலம் முடிவு கட்டினார். பல் விளக்கும்போது கட்டிய முடிவு. நுரையைத் துப்பிவிட்டு வந்து அறிவித்தார்.

“பெரியநாயகி, அடுத்த மாசம் லீஸ் முடியுது. ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ குறுக்க வராத.”

“நான் எதுக்கு வரேன்? நீங்களாச்சு, ஓனராச்சு,” என்றாள் பெரியநாயகி, கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டபடி.

போன தடவை பேசியது அவள். ஒப்பந்தமும் அவள் பேரில். அந்தப் பொருமல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மாடி வீடு. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாச வாடகை கிடையாது. காலி பண்ணும்போது தொகை அப்படியே திரும்பி வரும். ஆதிமூலம் வேலை பார்க்கும் உரக்கடைக்கு நடந்தே போகலாம். இப்படி ஒரு போக்கியம் அமைந்ததே பாக்கியம் என்று கடையில் சொல்லிக்கொள்வார். ஆனால் அந்த வீட்டில் ஓர் ஆணி அடித்தவரில்லை. குழாய் ஒழுகினால், “அடுத்தவன் குழாய்.” சுவர் கறுத்தால், “அடுத்தவன் செவுரு.” கதவு கிறீச்சிட்டால், “அடுத்தவன் கதவு.”

“அடுத்தவன் வூட்லதான படுத்துக்கினு கீறீங்க?” என்று பெரியநாயகி கேட்டுப் பார்த்தாள். அடுத்தவன் ஃபேனை ஒரு நம்பர் கூட்டிவிட்டுப் புரண்டு படுத்தார்.

அவருடைய திட்டம் எளிது. வீட்டைக் குறை சொல்ல வேண்டும். ஓனர் கூனிக் குறுகுவார். அப்போது, “போனாப் போவுது, பழைய தொகைக்கே இன்னும் மூணு வருசம் இருந்துட்டுப் போறோம்” என்று பெருந்தன்மையாக முடிக்க வேண்டும்.

ஓனர் தமிழரசன் வந்தார். வெள்ளிமலையில் மளிகைக் கடை. வாரம் பூரா மலைமேல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே.

“அண்ணே, குழாய் ஒழுவுது.”

“அப்படிங்களா?”

“செவுரு பூரா கரி. கதவத் தொறந்தா கெடா வெட்டற மாதிரி கத்துது. ஜன்னலு சாத்தினா தொறக்காது, தொறந்தா சாத்தாது. கொசு ஜாஸ்தி, காத்து கம்மி.”

தமிழரசன் காப்பியைக் கீழே வைத்தார். முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

“இவ்ளோ கஷ்டத்துலயா உங்கள வச்சிருந்தேன்? பாவம்ங்க அது. பணத்த ரெடி பண்ணிடறேன். நல்ல வூடா பாத்துப் போய்டுங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆதிமூலத்தின் வாய் திறந்தது, சாத்தவில்லை.

“இன்னாங்க, பேசி முடிச்சிட்டீங்களா?”

“அவரு முடிச்சிட்டாரு.”

மறுநாளே வீடு தேடக் கிளம்பினார். ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை. இன்னொரு வீட்டில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரர், “உரக்கடையா? வூடெல்லாம் யூரியா நாத்தம் அடிக்குமே” என்று கதவைச் சாத்தினார். அது சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டதைப் பார்த்து ஆதிமூலம் பெருமூச்சு விட்டார்.

சாயங்காலம் பெண்டாட்டியிடம் சரணடைந்தார். “ஓனர் வூட்டம்மாகிட்ட நீ ஒரு வார்த்த...”

“குறுக்க வராதன்னீங்க?”

“நேரா வாடி.”

பெரியநாயகி அடுத்த தெருவிலிருந்த ஓனர் மனைவி காசியம்மாளைப் பார்க்கப் போனாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“லீஸ் இன்னா லேசான்றாங்க. ஞாயித்துக்கெழம அவரு மலைய வுட்டு எறங்கறப்ப, வூடு வூடா இருந்தா, மனசு மாறினாலும் மாறும்னு இழுத்தாங்க.”

அந்த இழுப்பில் ஆதிமூலம் பெயின்ட் கடையில் போய் நின்றார். உரக்கடைக்கு லீவு. குழாய்க்கு வாஷர் மாற்றினார். கதவுக்கு எண்ணெய் விட்டார். ஜன்னலை இழைத்தார். ஸ்டூல் போட்டு மூலை மூலையாக ஏறினார். பெரியநாயகி நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தாள்.

“இன்னா கலருங்க இது?”

“சந்தனம்.”

“கூடத்துக்கு சரி. சமையக்கட்டுக்கு இளம்பச்ச சொன்னாங்க.”

“யாரு, காசியம்மாக்காவா?”

“பின்ன? ஒரு அலமாரி இருந்தா தேவலன்னாங்க.”

“நம்ம சமையக்கட்டுல அவங்களுக்கு எதுக்கு அலமாரி?”

“நான் கேட்டா கோச்சுக்குவாங்க. வேணா நீங்க போய்க் கேளுங்க.”

அலமாரியை அடித்தார். கட்டைவிரலையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை தமிழரசன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்ட மாதிரி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மீசையில் சந்தனக் கலரோடு ஆதிமூலம் கையைக் கூப்பினார்.

“அண்ணே, பெரிய மனசு பண்ணி இன்னும் மூணு வருசம்...”

“அதான் எழுதியாச்சே! அன்னிக்கு நான் எறங்கின சூட்டோட உங்க வூட்டம்மா ஓடியாந்து, ‘அவரு பேச்ச எடுத்துக்காதீங்கண்ணே’ன்னாங்க. மறுநா காலையிலயே, நான் மலைக்கு ஏறதுக்குள்ள, பழைய தொகைக்கே கையெழுத்து போட்டுக்கினு போய்ட்டாங்க. சொல்லலிங்களா?”

ஆதிமூலம் சமையற்கட்டைப் பார்த்தார். பெரியநாயகி புது அலமாரியில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோபம் குபுகுபுவென்று வந்தது. அதற்குள் தமிழரசன் சுவரைத் தடவி, “மேஸ்திரி தோத்தான் போங்க! சொந்தக் கையாலயா?” என்றார். கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆதிமூலம் மீசையைத் தடவி, “ஏதோ, நம்மால முடிஞ்சது” என்றார்.

ஓனர் போனதும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். உள்ளிருந்து குரல் வந்தது.

“அதக் கழுவி உள்ள வச்சிடாதீங்க. கீழ்வூட்டு ரம்யாவுக்கும் லீஸ் முடியுதாம், உங்கள அனுப்பறேன்னு சொல்லிட்டேன்.”