மடக்கு ஸ்டூலோடு பனிச்சறுக்குப் பள்ளிக்குப் போனேன்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. பதினொன்றரைக்குப் பேத்தியைப் பயிற்சியிலிருந்து கூட்டிவந்து, மத்தியானச் சோறு கொடுத்து, பின்னேரம் தாயிடம் ஒப்படைப்பது.

பயிற்சி என்றால் பனிச்சறுக்குப் போட்டிக்கான பயிற்சி. மாதம் ஜூலை. வெயில் முப்பத்திரண்டு பாகை.

இதில் ஏதோ பிழை இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. மகளிடம் கேட்டேன். போட்டிக்காரர் குளிர்காலத்தில் சறுக்குவார்களாம், கோடையில் காலைப் பலப்படுத்துவார்களாம், வெற்றி தோல்வி கோடையிலேயே முடிவாகிவிடுமாம்.

நான் கனடாவுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். பனியை அள்ளிக் கொட்டியிருக்கிறேன், அதில் விழுந்திருக்கிறேன், அதைத் திட்டியிருக்கிறேன். விரும்பிப் போய் அதன்மேல் நிற்பதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்பது பேத்தியால்தான் தெரிய வந்தது.

மகள் சுகந்தி விட்பியில் இருக்கிறாள். பயிற்சி நடக்கும் பூங்கா ரெக்ஸ்டேலில், என் அடுக்குமாடிக்குப் பக்கத்தில். காலையில் பிள்ளையை அங்கே இறக்கிவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, போய் ஒரு ஓரமா நில்லுங்கோ. முடிஞ்ச உடனை கூட்டிக்கொண்டு போங்கோ. கோச்சோட ஒண்டும் கதைக்க வேண்டாம், என்ன?"

ஓம் என்றேன். நான் பொதுவாகவே கதை குறைந்த ஆள். அன்றைக்கு நடந்தது எல்லாம் அந்த நல்ல பழக்கத்தால் வந்தது.

இன்னொரு நல்ல பழக்கமும் எனக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவன் என்பதால் எதையும் புத்தகம் பார்த்துப் பழகிக்கொள்வேன். பேத்தி இதில் சேர்ந்ததும் நூலகத்தில் ஒரு பனிச்சறுக்குப் புத்தகம் எடுத்து இரண்டு தரம் வாசித்தேன். வளைவது, நிற்பது, விழுவது எல்லாம் இருந்தது. கோடைகாலம் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் விஷயம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

பேத்தி ஆரணிக்குப் பதினொரு வயது. என் வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருக்கமாட்டாள். சுவரில் முதுகை ஒட்டி, முழங்காலை மடித்து, கதிரையில் இருப்பதுபோலக் கதிரை இல்லாமல் இருப்பாள். டிவி பார்ப்பதும் அப்படி. பல் தீட்டுவதும் அப்படி.

என் வீட்டில் இரண்டு கதிரை. ஒன்றில் நான், மற்றதில் பழைய பேப்பர். பிள்ளை இடமில்லாமல்தான் இப்படி இருக்கிறாள் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனம்மா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. கடைக்குப் போய் ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கிவந்து வைத்தேன்.

அவள் அதன்மேல் தன்னுடைய பையை வைத்தாள்.

அந்த ஸ்டூலைத்தான் சனிக்கிழமை கையில் எடுத்துக்கொண்டு போனேன். கூடவே ஒரு போத்தல் தேத்தண்ணி. பதினொன்றரைக்கு வரச்சொன்னால் பத்தரைக்கே போய்விடுவது என் மூன்றாவது நல்ல பழக்கம்.

பூங்காவில் நான் கண்டது இது. நாலு பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டி மேட்டில் கார் ரயர் இழுத்துக்கொண்டு போனார்கள். நாலு பேர் சில்லுச் சப்பாத்து போட்டு, கார் நிறுத்தும் இடத்தில் நட்ட கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினார்கள். மிச்சப் பேர் ஒற்றைக் காலில் நின்று பந்து பிடித்தார்கள். நடுவில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் பிள்ளை விசில் ஊதிக்கொண்டு நின்றாள். அவள்தான் கோச்.

மரநிழலில் ஸ்டூலை விரித்து இருந்தேன். பக்கத்தில் செந்தில் என்று ஒரு தமிழ்நாட்டுப் பெடியன், கம்ப்யூட்டர் வேலைக்காரர், தன் மகனைப் பார்க்க வந்திருந்தார். ரயர் இழுக்கும் பிள்ளைகளைக் காட்டி, ஊரில் இந்த வேலைக்கு நாங்கள் மாடு வைத்திருந்தோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இதற்கு இடம் கிடைக்க ஒரு வருடம் காத்திருந்தாராம்.

பதினொரு மணிபோல தேத்தண்ணி தன் வேலையைக் காட்டியது. ஸ்டூலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பூங்காவின் கழிப்பறைக் கட்டடத்துக்குள் போனேன். திரும்பி வந்தால் மேட்டில் ஒருவரும் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போனேன்.

மற்றப் பிள்ளைகள் எல்லாரும் புல்லில் குந்தியிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். சுவரோடு ஒட்டியபடி, கதிரை இல்லாமல், ஆரணி மட்டும் தனியாக. முகம் சிவந்து, தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் மஞ்சள் தொப்பி. கையில் மணிக்கூடு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளை ஏதோ குழப்படி செய்திருக்கிறாள், தண்டனை கொடுத்திருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் பெயர் சொல்லி நக்கலடிக்கிறார்கள்.

ஏனென்றால் இதே தண்டனையை நான் அனுபவித்திருக்கிறேன். பதின்மூன்று வயதில் கணக்கு வாத்தியார் என்னைச் சுவரோடு இப்படித்தான் இருத்தினார். ஒரு பாடம் முழுக்க, நாற்பது நிமிடம். அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

இதில் ஒன்று சொல்லவேண்டும். கலியாணம் கட்டின புதிதில் மனைவிக்கு இந்தக் கதையைப் பத்து நிமிடம் என்றுதான் சொன்னேனாம். கனடா வந்த பிறகு இருபது ஆகிவிட்டது என்று அவதான் கண்டுபிடித்தா. அவ போன பிறகு கணக்குப் பார்க்க ஆளில்லை. நாற்பதில் வந்து நிற்கிறது.

அந்த நாற்பது நிமிடமும் சேர்ந்து தலைக்கு ஏறியது. கோச்சோடு கதைக்கக்கூடாது என்பது மகளின் கட்டளை. நான் கட்டளையை மீறவில்லை. ஒரு சொல்லும் கதைக்காமல் நேரே நடந்து போய், ஸ்டூலை விரித்து, பக்கவாட்டில் பேத்திக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

பிள்ளையின் கால்கள் அந்த உதவிக்காகவே காத்திருந்தன போல. பொத்தென்று இருந்துவிட்டாள்.

சத்தம் நின்றது. மஞ்சள் தொப்பி மணிக்கூட்டை அமத்தினாள்.

ஆரணி ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மப்பா, ஒன்பது செக்கன்தான் மிச்சம் இருந்தது."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லமாகச் சொன்னாள்.

செந்தில் ஓடிவந்தார். "சார், பனிஷ்மென்ட் இல்ல சார் இது. டெஸ்ட். மூணு நிமிஷம் உட்கார்ந்தா ரேஸ் குரூப். இல்லன்னா இன்னொரு வருஷம் சின்னப் பசங்களோட. என் பையன் ஒரு நிமிஷத்துல விழுந்துட்டான். இவதான் கடைசி வரைக்கும் இருந்தா. நீங்க வந்து சீட் குடுத்துட்டீங்க."

அவள் என் வீட்டுச் சுவரில் பல் தீட்டியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மஞ்சள் தொப்பி என்னிடம் வந்து ஏன் இப்படிச் செய்தேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் வாசித்தால் நன்றாக விளங்கும். மனதுக்குள் மன்னிப்புக் கடிதமே எழுதிவிட்டேன், பந்தி பிரித்து. வாயில் வந்தது "ஸொறி" மட்டும். மிச்சத்தை நான் தமிழில் சொல்ல, செந்தில் ஆங்கிலத்தில் சொன்னார். வாத்தியார், சுவர், நாற்பது நிமிடம் எல்லாவற்றையும். அவர் இவ்வளவு நன்றாக மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம்.

நாற்பது என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒருவன் எழுந்து வந்து என் காலை உற்றுப் பார்த்தான்.

மஞ்சள் தொப்பி நல்ல பிள்ளை. பிழை ஆரணியுடையது இல்லை, இருபது நிமிடம் ஆறிவிட்டு இன்னொரு தரம் இருக்கட்டும் என்றாள். ஆனால் ஒருமுறை களைத்துப்போன கால் இரண்டாம் தரம் தாங்குவது கஷ்டம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டபடி ஆரணி கையால் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அம்மப்பாவும் என்னோட இருக்கட்டும். அவர் நாப்பது நிமிசம் இருந்தவர்தானே."

"பிள்ளை, எனக்கு அறுபத்தெட்டு வயசு."

"மூண்டு நிமிசம்தானே அம்மப்பா. உங்களுக்கு ஈஸி."

பதின்மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டூலை ஏற்கனவே பறித்து வைத்துவிட்டார்கள். தப்ப வழியில்லை.

இருபது நிமிடம் கழித்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் சுவரோடு சாய்ந்தோம். விசில் ஊதினாள். முழங்காலை மடித்தேன்.

முதல் மூன்று செக்கன் நன்றாகத்தான் இருந்தது. வெற்றிகரமாக இருக்கிறேன் என்று செந்திலைப் பார்த்துத் தலையாட்டவும் செய்தேன். ஐந்தாவதில் தொடைக்குள் யாரோ நெருப்புக்குச்சி தட்டினார்கள். எட்டாவதில் என் கால் என்னுடையது இல்லை. அதற்குப் பிறகு சுவர் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

புல்லில் கிடந்தேன். எழும்ப முடியவில்லை.

மேலே ஆரணிக்குச் சிரிப்பு. சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் முதுகு சுவரில் வழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்காதே பிள்ளை என்று கீழே இருந்து சொன்னேன். அது இன்னும் மோசமாக்கியது. இரண்டு விரல்கடை கீழே வழுக்கிப்போய், குதிக்காலை ஊன்றித் திரும்ப மேலே ஏறினாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவளுடைய முழங்கால் என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பெயர் சொல்லிக் கத்தினார்கள். இந்த முறை அது நக்கல் இல்லை என்று விளங்கியது. முந்தியும் இல்லைத்தான். இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு செக்கனை மஞ்சள் தொப்பி உரத்துச் சொன்னாள். நான் என் இரண்டு கையையும் முதுகுக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன். என் கைகளை நம்ப எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று நிமிடம் நாலு செக்கன். அப்படியே என்மேல் சரிந்து விழுந்தாள்.

ரேஸ் குரூப் பட்டியலில் மஞ்சள் தொப்பி அவள் பெயரை எழுதினாள். செந்திலும் அவருடைய மகனும் ஆளுக்கொரு கை பிடித்து என்னைத் தூக்கி, என்னுடைய ஸ்டூலிலேயே இருத்தினார்கள். இந்த முறை அது உரிய ஆளுக்குப் பயன்பட்டது.

பின்னேரம் சுகந்தி வந்தாள். மகள் ரேஸ் குரூப்பில் என்றதும் நல்ல சந்தோசம். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"கோச்சோட ஒண்டும் கதைக்கேல்லைத்தானே அப்பா?"

"ஒரு சொல்லுத்தான் பிள்ளை."

ஆரணி தன்னுடைய பையைத் தூக்கியபடி, அம்மப்பா பதினொரு செக்கன் இருந்தவர் என்றாள். அதையும் மஞ்சள் தொப்பி பட்டியலின் கடைசியில் எழுதிவைத்திருக்கிறாளாம்.

அந்தக் கணக்கு வாத்தியாரை ஐம்பத்தைந்து வருடமாகத் திட்டி வந்திருக்கிறேன். அன்றைக்கும் இந்தப் பதினொரு செக்கன்தான் இருந்திருப்பேன் போல. ஒரு செக்கனுக்கு ஐந்து வருடம்.