அத்தானின் பட்டப்படிப்பும் என் கையும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் மகளும் சுகம். உன் அத்தானும் உடம்பளவில் சுகம்தான். அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன்.

தொலைதூரக் கல்வி நம்மைப் போன்ற குடும்பத்துக்குச் சரிப்பட்டு வருமா என்று கேட்டு எழுதியிருந்தாய். உன் அத்தான் படித்த லட்சணத்தைச் சொல்கிறேன். நீயே முடிவு செய்துகொள்.

அவருடைய கிடங்கில் மேலாளர் நாற்காலி காலியாகப் போகிறது, பட்டம் இருந்தால்தான் அதில் உட்கார முடியும் என்று முதலாளி சொன்னதும் மனிதர் மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தார். வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கலாம், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். மறுநாளே படுக்கையறை கல்லூரியாகிவிட்டது. துணி அலமாரி உள்ளே, நாங்கள் வெளியே. முந்தின நாள் கசங்கிய சேலையிலேயே நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கடைக்குப் போய் நின்றேன். "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "இல்லைங்க, வீட்டுல வகுப்பு நடக்குது" என்றேன். குக்கர் விசில் அடித்தால் படித்தது மறந்துபோகிறதாம். அதனால் குக்கருக்கும் தடை. கல்விக்கும் மாணவருக்கும் நடுவில்தான் தூரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன் தம்பி. மாணவருக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் என்று பிறகுதான் புரிந்தது.

உள்ளே இவ்வளவு மும்முரமாக என்ன நடக்கிறது என்று ஒரு நாள் மகள் எட்டிப் பார்த்தாள். நேர மேலாண்மைப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது, அத்தான் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். மைக்கை அணைக்காமலே தூங்கியிருக்கிறார். "யார் வீட்டுலயோ மிக்ஸி ஓடுது, தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்று பேராசிரியர் கெஞ்சுகிறார். மகள் போய், "அது மிக்ஸி இல்ல சார், எங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன், பிள்ளை வளர்த்த லட்சணம் என்று.

பிறகு பரீட்சை வந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும், கேமரா வழியாக ஒரு அம்மா கண்காணிப்பார், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. எங்களை மூச்சுவிடாமல் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பாதிப் பரீட்சையில் உள்ளேயிருந்து, "ஏய், சார்ஜர் எங்க?" என்று ஒரு சத்தம். கூப்பிட்ட குரலுக்கு ஓடிப் பழகிய கால், ஓடிவிட்டது. அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி சார்ஜரைக் கொடுத்தேன்.

"உங்க பின்னாடி யாரு சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"யாருமில்ல மேடம்."

"அப்போ அந்தக் கை யாரோடது?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்து, "தெரியலையே மேடம்" என்றார். கட்டிய பெண்டாட்டியின் கை, தம்பி. தினமும் சோறு போடுகிற கை. பரீட்சையை அங்கேயே ரத்து செய்துவிட்டார்கள்.

நாற்காலி வேறொருவருக்குப் போனது. என் கைதான் அவர் எதிர்காலத்தைக் கெடுத்தது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து, "என்ன சமையல்?" என்றார்.

"யாரும் சமைக்கல" என்றேன்.

இரண்டு நாள் கடைச் சாப்பாடு. பிறகு அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அதோடு விட்டாரா? அடுத்து மனித உறவுகள் பற்றி ஏதோ பட்டயப் படிப்பு இருக்கிறதாம், சேரலாமா என்று கேட்டார்.

ஆகவே தம்பி, கூடப் பிறந்தவள் சொல்கிறேன், இந்த வம்பே வேண்டாம். குடும்பத்தில் நிம்மதி முக்கியம். குழந்தைக்கு என் முத்தங்கள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இப்போதுதான் உன் மனைவி போனில் பேசினாள். படிக்கப் போவது நீ இல்லையாம், அவளாம். "எங்கக்காவே வேணாம்னு சொல்லுது பாரு" என்று அவளிடம் காட்டத்தானே என்னிடம் கேட்டாய்? அவளுக்கு இந்தக் கல்வி ரொம்பப் பொருத்தம், நாளைக்கே சேரச் சொல்லிவிட்டேன். தனியாகச் சேரப் பயமாக இருக்கிறது என்றாள், அதனால் நானும் கூடச் சேர்கிறேன். சமையல், துணி, பிள்ளைகள் என்று ஏதாவது சந்தேகம் வந்தால் எங்கள் கதவைத் தட்டாதீர்கள். நீயும் அத்தானும் போனில் ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதையும் தூரத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.