மாப்பிள்ளை பார்க்க ரூம் போட்டது

ஜமுனாமரத்தூர்,
புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் பஞ்சாட்சரம் அவர்களுக்கு, தனசேகரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மங்கம்மாளும் தேவயானியும் சுகம். நானும் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் சுகம். கண்ணமங்கலத்தில் தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் உரக்கடையும் நல்லபடியாக இருக்க மலைமேல் உள்ள எல்லா சாமியையும் வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூட்டை தூக்கப் போய்விடுகிறீர்கள். போன தடவை நான் தேவயானி ஜாதகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, பூச்சிமருந்து வாங்க வந்த யாரோ ஒருவர் "செவ்வாய் ஏழுல இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க" என்று பதில் சொன்னார். இந்தப் பக்கம் நான் என்ன பேசினாலும் மங்கம்மாள் அடுப்படியிலிருந்தே திருத்தம் சொல்கிறாள். ஆகவே எழுதி, பத்து மணி பஸ் கண்டக்டர் பழனி கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நீங்கள் தேவயானிக்கு இரண்டு வரன் கொண்டுவந்தீர்கள். திருப்பத்தூர் சிவசங்கர் ஒன்று, ஆரணிப் பக்கம் கோகுல்ராஜ் ஒன்று. இருவருக்கும் வயது இருபத்தொன்பது. இருவரும் ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் உள்ள பெரிய பார்க்குகளோடு சேர்ந்த ஓட்டல்களில், ரூம்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் சூப்பர்வைசர்கள். சிவசங்கருக்குப் பெங்களூரு ரோட்டில் வேலை, கோகுல்ராஜுக்குச் சென்னை ரோட்டில். ஜாதகம் இரண்டும் பொருந்துகிறது. "ரெண்டுமே நல்ல எடம், நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படி முடிவு பண்ணுவது? போட்டோவில் இருவரும் ஒரே மாதிரி கோட்டு போட்டுக்கொண்டு ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் கொள்முதல் நிலையத்தில் புளியைத் தரம் பிரித்தவன் நான். மூட்டையின் வாயைப் பார்த்து ஒரு நாளும் தரம் எழுதியதில்லை, அடியில் கைவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். ரூம் வேலை செய்கிறவனுடைய குணம் அவன் வைத்திருக்கும் ரூமில்தானே தெரியும்? ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு ஓட்டலிலும் ஒவ்வொரு நாள் தங்கி, அடியில் கைவிட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். தேவயானியிடம் சொன்னதற்கு, "எங்க ஆஸ்பத்திரி லேப்லகூட சாம்பிளுக்கு இவ்ளோ பாக்கமாட்டோம்ப்பா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் போனிலேயே இரண்டு ரூமும் போட்டுவிட்டாள்.

முதலில் பெங்களூரு ரோட்டு ஓட்டல். நாம் பெண் வீட்டார் என்று தெரியக்கூடாது என்பதற்காக, ரிசப்ஷனில் என் பெயர் சக்கரவர்த்தி, ஊர் வாணியம்பாடி, தொழில் அரிசி மண்டி என்று கடகடவென்று ஒப்பித்தேன். அங்கிருந்த பெண் "ஆதார் குடுங்க சார்" என்றது. மச்சான், இதை நான் யோசிக்கவே இல்லை. கொண்டுவரவில்லை என்றேன். என் கழுத்திலிருந்து வேர்வை இறங்கி முதுகு வழியாக வேட்டிக்குள் போவது எனக்கே தெரிந்தது. "யாருதுனா ஒண்ணு குடுங்க" என்றதும் தேவயானி பட்டென்று தன்னுடையதை நீட்டிவிட்டாள். அந்தப் பெண் ஆதாரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, "வாங்க சக்கரவர்த்தி சார்" என்று சாவியைக் கொடுத்தது. நல்லவேளை, எதையும் கவனிக்கவில்லை.

சாவி என்றால் சாவி இல்லை, ஒரு அட்டை. பத்திரமாக இருக்கட்டும் என்று அதை ஒரு துணிக்குள் சுற்றிப் பையின் அடியில் வைத்துவிட்டேன். ரூமுக்குள் போனால் விளக்கும் எரியவில்லை, ஏசியும் ஓடவில்லை. முக்கால் மணி நேரம் மூவரும் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நூற்றுக்கு மார்க் போடுவதற்கென்று கொண்டுபோயிருந்த நோட்டில் 'மின்சாரம் இல்லை, பத்து மார்க் கழிவு' என்று எழுதினேன். பிறகு தண்ணீர் பாட்டில் வைக்க வந்த முத்தம்மாள் என்கிற அம்மா, "கார்டை செவுத்துல சொருகணுங்க ஐயா" என்று சொருகிக் காட்டினார். பத்து மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். அநியாயம் கூடாது.

வெளிச்சம் வந்ததும் பார்த்தால் அந்த ரூம் ஒரு காடு. சுவரெல்லாம் மரம், கூரையிலிருந்து பிளாஸ்டிக் கொடி தொங்குகிறது, எங்கோ ஒளித்துவைத்த பெட்டியிலிருந்து குயில் கூவுகிறது. மங்கம்மாள் கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கா மலையவுட்டு எறங்கி வந்தோம்? நம்ம வூட்டுக்குப் பின்னால நாலு எட்டு நடந்தா இதானே கீது" என்றாள். பாத்ரூம் வாசலில் ஆளுயரக் கரடி பொம்மை வேறு. புளியந்தோப்பில் நிஜக் கரடியைப் பார்த்தபோதுகூட நான் கத்தவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஓடினேன், கத்தவில்லை. இங்கே கத்திவிட்டேன். அதைவிட மோசம், பாத்ரூமுக்குச் சுவர் கிடையாது, முழுக்கக் கண்ணாடி. குளிப்பவர் கட்டிலுக்குத் தெரிகிறார், கட்டிலில் இருப்பவர் குளிப்பவருக்குத் தெரிகிறார். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "நான் பார்க்குக்குப் போறேன், நீங்க குளிச்சு முடிங்க" என்று தேவயானி கிளம்பிப் போய்விட்டாள். நானும் மங்கம்மாளும் ஆளுக்கொரு முறை போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். கட்டில் பக்கத்து பட்டனை அழுத்தினால் திரை இறங்கும் என்பது மறுநாள் தெரிந்தது.

ஆனால் மச்சான், சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், ஒரு முடி இல்லை. குழாய் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தேன், வாடை இல்லை. தலையணை உறையை உள்பக்கம் திருப்பினேன், சலவை மணம். துண்டை யானை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். யானையைப் பிரித்துத் துடைத்துக்கொள்வது பாவம் என்று மங்கம்மாள் தொடவிடவில்லை, என் மேல்துண்டில்தான் மூவரும் துடைத்துக்கொண்டோம். எனக்கோ பயம் கூடிக்கொண்டே போனது. இவ்வளவு சுத்தம் பார்க்கிறவன் நம் பெண் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால் சும்மா இருப்பானா? எங்கேயாவது கொஞ்சம் தூசி அகப்பட்டால் நிம்மதியாக இருக்கும் போல இருந்தது. அலமாரியின் மேல்பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. பெட்டி வைப்பதற்கென்று குறுக்குக் கால் போட்ட ஒரு ஸ்டாண்டு இருந்தது. அதன்மேல் ஏறினேன். அலமாரிமேல் விரலை வைத்து இழுத்தேன், தூசி இல்லை. அதைச் சொல்ல மங்கம்மாள் பக்கம் திரும்பினேன். ஸ்டாண்டு மடங்கியது.

சத்தம் கேட்டு வந்தது சாட்சாத் சிவசங்கர். உயரமான பையன், அளந்து பேசுகிறான். வந்தவன் முதலில் என்னைத் தூக்கினானா ஸ்டாண்டைத் தூக்கினானா என்பதில் எனக்கும் மங்கம்மாளுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு. "அடி பட்டுச்சா சார்? மேல இன்னா எடுக்கணும்?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல தம்பி, காத்து வருதான்னு பாத்தேன்" என்றேன். அவன் வலி மருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, போகிற போக்கில் மேஜைமேல் சாய்ந்திருந்த என் நோட்டை நேராக வைத்துவிட்டுப் போனான். அந்த நேராக வைத்ததைத்தான் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். மறுநாள் தேவயானி மறுபடியும் பார்க்குக்கு ஓடிவிட்டாள், கிளம்ப ஒரு மணி நேரம் தாமதம். "நாம போனப்பறம் நம்மள இன்னா நெனைப்பாங்க" என்று மங்கம்மாள் ரூம் முழுக்கப் பெருக்கி, பாத்ரூமைக் கழுவித் துடைத்து, விரிப்பையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுத்தான் வந்தாள். நான் முறிந்த ஸ்டாண்டைச் சணல் கயிற்றால் மூட்டை முடிச்சுப் போட்டு நிறுத்தினேன்.

அடுத்து சென்னை ரோடு. இங்கே ரூம் ஒரு கப்பல். வட்ட ஜன்னல் வழியாகக் கடல் தெரியும் என்றார்கள், ஏசி மிஷின்களின் முதுகு தெரிந்தது. கட்டிலை வடம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள், புரண்டால் ஆடுகிறது. மங்கம்மாள் ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றித் தரையில் போர்வை விரித்துப் படுத்துவிட்டாள். தலையணையில் யாருடைய நரைமுடியோ ஒன்று. வெந்நீர் போடும் கெட்டிலுக்குள் யாரோ நூடுல்ஸ் வேகவைத்திருக்கிறார்கள், ஒரு இழை அடியில் ஒட்டியிருந்தது. குழாய் சொட்டுகிறது. டிவி ரிமோட்டில் பேட்டரி இல்லை. இவ்வளவும் எழுதி நோட்டில் பக்கம் தீர்ந்தபின் கீழே போன் போட்டேன். மூன்று தடவை போட்டபின் கோகுல்ராஜ் வந்தான். மச்சான், வந்தவன் என்ன சிரிப்பு சிரிக்கிறான் தெரியுமா, வூடே வெளிச்சமாயிடுது. "அம்மாவுக்கு மயக்கமா? அடடா, மொத நாள் எனக்கும் இந்தக் கட்டில்ல இப்பிடித்தான் ஆச்சு" என்று தரையில் மங்கம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் சாமை அதிரசம் எடுத்து நீட்டினாள். நாலு தின்றான். "எங்கம்மா போனப்பறம் இந்த ருசிய நான் பாத்ததில்லைங்க" என்றான். மங்கம்மாளுக்குத் தலைசுற்றல் போய்விட்டது. அரை மணி பேசிவிட்டு எழுந்து போனான். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் உட்கார்ந்த இடத்தில் அதிரசத் தூள் சிந்திக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். சிவசங்கர் நூற்றுக்கு எண்பத்தெட்டு, கோகுல்ராஜ் முப்பத்தாறு. கணக்குத் தெளிவாக இருக்கிறது, மனசு தெளியவில்லை. எண்பத்தெட்டை நினைத்தால் நம்ம பொண்ணு காலம்பூரா மிதியடியில கால் தொடச்சிகினே நிக்கிற மாதிரி தோணுது. முப்பத்தாறை நினைத்தால் கெட்டிலுக்குள் நூடுல்ஸ் தெரிகிறது. மங்கம்மாளைக் கேட்டால், "உங்களக் கட்டிக்கும்போது எங்கப்பா மார்க் போட்டாரா? போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். நாலு அதிரசம் தின்ன புள்ளைதான் எனக்கு மாப்ள" என்கிறாள். நான்கு நாளாக யோசித்து, இடுப்பில் தைலம் தேய்க்கும்போதும் யோசித்து, கடைசியில் நானும் அதற்கே வந்துவிட்டேன். சுத்தத்தைப் பழக்கிவிடலாம், சிரிப்பைப் பழக்க முடியாது. ஆகவே மச்சான், வரும் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கோகுல்ராஜ் வீட்டுக்குப் போய் எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிடவும். சிவசங்கர் வீட்டில் ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று நாசூக்காகச் சொல்லிவிடவும். இது என் முடிவான முடிவு. மாற்றம் இல்லை.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உயரமான எதிலும் ஏறாமல் நூறு வயது வாழ என் ஆசிகள். பழனியிடம் ஒரு படி சாமையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தனசேகரன்.

பி.கு.: மச்சான், மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கோகுல்ராஜ் வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் தயவுசெய்து திரும்பிவிடவும். கவர் ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிவசங்கரின் அம்மா ஜெயம்மாள். "நீங்க வந்தது மொத நாளே தெரியுங்க. ஆதார்ல பேரு பாத்து பையன் சொல்லிட்டான். உங்களுக்கு சங்கடமா இருக்கும்னு அவன் கண்டுக்கல" என்றார். நான் கையிலிருந்த கவரைக் கீழே வைத்தேன். "ஆள மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்க முடியாது, காலி பண்ண ரூமப் பாத்தாதான் தெரியும்னு அவன் சொல்லுவாங்க. நீங்க போனதும் அவனே போய்ப் பாத்தான்." ஸ்டாண்டுக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "அதை நான் கட்டிவெச்சிட்டு வந்தேனுங்களே" என்றேன். "அது கெடக்குதுங்க. ஏழு வருஷத்துல அவ்ளோ சுத்தமா ஒரு ரூமை யாரும் வுட்டுட்டுப் போனதில்லையாம். அதான் யோசிக்கிறான்" என்றார். சுத்தத்தில் என்ன யோசனை என்று கேட்டேன். "கல்யாணம் ஆனா வூட்டு வேலையில பாதி நான்தான் செய்வேன்னு ரொம்ப நாளா சொல்லிகிட்டு கீறான். தங்கப் போன ரூமையே கழுவித் தொடச்சி வெக்கிற பொண்ணு, வூட்டுல என்னைத் தொடப்பத்தத் தொட வுடுமா, அப்பறம் நான் எதுக்குன்னு கேக்கிறான். உங்க பதிலைக் கேட்டுட்டு வேற எடம் பாக்கலாம்னுதான் போன் பண்ணேன்."

மச்சான், மிதியடியில கால் தொடைக்கச் சொல்ற பையன் இல்ல இவன், மிதியடிய ஒதறிப் போடுற பையன். இந்த மாதிரி எங்கே கிடைக்கும்? பெண்ணைப் பெற்றவன் யாரும் சொல்லாததை நான் சொன்னேன். "எங்க பொண்ணுக்கு ஒரு வேலையும் தெரியாதுங்க" என்றேன். அந்தம்மா நம்பவில்லை. "பெத்தவங்க அடக்கமா அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்கிறார். அதற்குள் தேவயானி போனைப் பிடுங்கி, "ரூமைக் கூட்டினது எங்கம்மாங்க. நான் அப்ப தண்ணிச் சறுக்குல நாலாவது தபா எறங்கிகினு இருந்தேன். அவருகிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டு, சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய்விட்டாள். அரை மணி ஆகிறது. சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை நீங்கள் போகவேண்டியது ஜெயம்மாள் வீட்டுக்கு. தாய்மாமன் சொன்னால் நம்புவார்கள். அவள் பருப்பு வேகவைத்தால் குக்கர் தீய்வதையும், மடித்த துணியை அலமாரியில் திணிப்பதையும் உள்ளது உள்ளபடி எடுத்துச் சொல்லவும். வரன் பேசும்போது சமையல், கோலம் என்று நீங்கள் ஏதாவது அடித்துவிட்டிருந்தால் அதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்ளவும். துணைக்கு யாரையாவது அழைத்துப் போவதானால் தங்கச்சி போதும். மங்கம்மாள் தானும் வருகிறேன் என்று போன் செய்வாள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவள் வந்தால் பேச்சு முடிவதற்குள் அவங்க வூட்டையும் பெருக்கிவிடுவாள்.