சுவை பார்க்கும் குழுவில் சீமாட்டி

எங்கள் அரசு லாயத்தில் ஒரு விதி உண்டு. குதிரைக்குப் போடும் எந்தத் தீவனத்தையும் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் முதலில் மென்று, விழுங்கி, சான்று தர வேண்டும். எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் ஒரு குதிரைக்கு விஷம் வைத்துவிட்டானாம். வைத்தவன் செத்து, குதிரை செத்து, விதி எழுதியவரும் செத்துப்போனார். விதி மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. அதற்காக எந்த அதிகாரியும் வைக்கோலை வாயில் வைத்ததாக நினைத்துவிடாதீர்கள். 'சுவைத்தேன், நன்று' என்று கையெழுத்துப் போடுவார்கள், நான் முத்திரை குத்துவேன். இந்த முத்திரையைக் குத்தத்தான் பட்டப்படிப்பு முடித்தவன் வேண்டுமென்று கேட்டு என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

என் மாமனார் அதே லாயத்தில் குதிரைக்காரர். சீமாட்டி என்ற வெள்ளைக் குதிரை அவர் பொறுப்பு. தன் பெண்ணை எனக்குக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே, "சீமாட்டி தண்ணி குடிச்சிருக்காது" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன மனுஷர் அவர். சீமாட்டிதான் அரசு ஊர்வலத்தில் முதல் வண்டியை இழுப்பவள். வருகிற பெரிய மனிதர்கள் எல்லாம் அவளுக்கு இனிப்பு ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேளாவேளைக்குச் சர்க்கரைப்பாகு கலந்த தானியம் வேறு. ஊதிப்போனாள். கடைசியில் முன்னங்கால் குளம்புகள் இரண்டும் சுடச்சுடக் கொதித்து, காலை ஊன்ற முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். தானியத்தில் இருக்கிற மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் காலுக்கு இறங்கியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்றார். அதற்குப் பதிலாக வைக்கோலோடு பாதாம் மேல்தோலைக் கலந்து போடச் சொன்னார். நாம் தின்பது உள்ளே இருக்கும் பருப்பு. அதற்கு மேல் ஓடு. ஓட்டுக்கும் மேலே சதையாக ஒரு தோல் இருந்து, காய் முற்றியதும் காய்ந்து வெடிக்கிறதே, அதுதான் மேல்தோல். நார்ச்சத்து நிறைய, மாவுச்சத்து குறைவு, லேசாக இனிப்பதால் குதிரை முகம் திருப்பாமல் தின்னும் என்று விளக்கினார். அடுத்த ஊர்வலம் வருவதற்குள் நேராக நடக்காவிட்டால் சீமாட்டியை ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். ஏலத்துக்கு வருகிற கசாப்புக்காரர்கள் சவாரி பழகுவதற்காக வருவதில்லை. மாமனார் டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார்.

மூட்டை வந்து சேர்ந்தது. விதியும் கூடவே வந்தது. புதுத் தீவனம் என்றால் வெறும் கையெழுத்து செல்லாது. சாட்சிகள் முன்னிலையில் உண்மையாகவே மெல்ல வேண்டும். எங்கள் இயக்குநர் எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நேரம் கழித்தே வருகிறவர். அதைக் கண்டிப்பு என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அன்று ஒரு கிண்ணம் மேல்தோலை மென்று முடித்தார். மறுநாள் காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. காலைக்கடன் ஒரே நிமிஷத்தில் முடிந்தது, வயிறு என்று ஒன்று இருப்பதையே இன்றுதான் மறந்தேன் என்று காவலாளியிடம் சொன்னாராம். என்னைப் பார்த்து, குழந்தைகள் நலமா என்று விசாரித்தார். எனக்குக் குழந்தைகள் இல்லை. இருந்தாலும் நெகிழ்ந்துபோனேன்.

சான்றுக் காகிதத்தை நீட்டினேன். ஒரு தடவை சுவைத்துவிட்டு ஒரு ஜீவனின் உயிரோடு விளையாட முடியாது, இன்னும் ஆழமாகச் சுவைக்க வேண்டும் என்று எழுதினார். மூட்டை அவர் அறைக்குப் போனது. துணை இயக்குநர் தனியாகச் சுவைத்தார். கணக்குப் பிரிவு, மற்ற பிரிவுகள் ஒழுங்காகச் சுவைக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்காகச் சுவைத்தது. 'பாதாம் மேல்தோல் சுவை பார்க்கும் உயர்மட்டக் குழு' அமைந்தது. குழு என்றால் உறுப்பினருக்கு இவ்வளவு மேல்தோல் என்று ஒதுக்கீடு உண்டு.

விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? அடுத்த தெரு அலுவலகங்களில் டீக்குப் பதிலாக மேல்தோல் கஷாயம் ஓடியது. பொடி செய்து முகத்தில் பூசினார்கள். அதிகாரிகளின் மனைவிமார் கண்ணாடிச் சிமிழில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள். என் மைத்துனி ஒருத்தி, "அத்தான், நீங்க இன்னும் உள்பருப்பையா சாப்பிடுறீங்க?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். டாக்டரம்மா ஓடி வந்து, இது குதிரைக்குச் சொன்னது, மனுஷருக்கு இல்லை என்று கத்திவிட்டுப் போனார். அவர் கருத்தும் சுவைத்துப் பார்க்கப்படும் என்று குழு பதில் அனுப்பியது.

மாமனார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். மகள் போட்ட சாப்பாட்டைத் தொடவில்லை.

"மாப்பிள்ளை, அது நிக்க முடியாம நிக்குது. அதுக்கு வந்த மூட்டையைத் தின்னுட்டு இவங்க ஜம்முனு நடந்து போறாங்க" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் மனைவியோ மூட்டையை நானே தின்றது போல என்னை முறைத்தாள்.

அன்றைக்கே விதிப் புத்தகத்தைக் குடைந்தேன். எந்தக் குழுவிலும் அந்தப் பொருளில் அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று இருந்தது. பிறந்ததிலிருந்து தீவனம் தின்றுவரும் சீமாட்டியைவிட அனுபவசாலி இந்தத் துறையில் எவருமில்லை என்று குறிப்பு எழுதி, இயக்குநர் மேசையில் வைத்தேன்.

"குதிரையைக் குழுவுல போடலாமா?"

"கூடாதுன்னு எங்கயும் இல்ல சார்."

"கருத்து ஏதாவது சொல்லுமா?"

"சொல்லாது சார்."

"அப்ப இதைவிட நல்ல ஆள் கிடைக்காதுய்யா" என்று கையெழுத்துப் போட்டார்.

உறுப்பினர் ஒதுக்கீடு தவறாமல் சீமாட்டியின் தொட்டிக்கு வந்தது. அவள் நிதானமாக, பல்லால் அரைத்து அரைத்துத் தின்றாள். வயிறு வற்றியது, குளம்புச் சூடு தணிந்தது. ஊர்வலத்தன்று அவள் முதல் வண்டியை இழுத்துக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து மாமனார் தெருவோரத்தில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் படிப்பு ஒரு ஜீவனுக்காவது உதவியதே.

பிறகு குழு இறுதி முடிவுக்காகக் கூடியது. ஓர் உறுப்பினரால் மாடிப்படி ஏற முடியாது என்பதால் லாயத்து முற்றத்தில் நாற்காலி போட்டோம். இயக்குநர் தீர்மானத்தை வாசித்தார். மேல்தோல் மிகச் சிறந்த உணவு என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டபடியால், அதைக் குதிரைகளுக்குப் போட்டு வீணாக்குவதற்கில்லை. உறுப்பினர்கள் மட்டும் தொடர்ந்து சுவைத்து வரலாம். எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து ஓர் ஈ சீமாட்டியின் காதில் உட்கார்ந்தது. அவள் பலமாகத் தலையை ஆட்டினாள். 'குதிரைகளின் பிரதிநிதி உட்பட அனைவரும் ஏகமனதாக' என்று எழுதி, நானே முத்திரை குத்தினேன்.

சில நாள் கழித்து, மாமனாரின் தம்பி எங்களைத் தேடி வந்தார். அவரும் குதிரைக்காரர்தான். அடுத்த கொட்டிலில் நிற்கும் கறுப்புக் குதிரை அவர் பொறுப்பு. அதற்கும் முன்னங்குளம்பு கொதிக்கிறது, அடுத்த ஏலத்தில் அதன் பெயர் இருக்கிறது. நாங்கள் அப்போது சீமாட்டியின் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, ஒரு கை அள்ளித் தாண்ணே. இதுக்கு வந்த அதே நோவுதான்."

மாமனார் மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். "இது உறுப்பினருக்கு ஒதுக்குனதுடா தம்பி. நான் தொட முடியுமா? முறையா எழுதிக் குடு. குழு கூடட்டும், பாக்கலாம்."

சீமாட்டி தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சின்ன மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க மாப்பிள்ளை. விதி தெரிஞ்சவர் நீங்க."

குழுவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. என் பெயரைப் பரிசீலிப்பதாக இயக்குநர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அண்ணன் சொல்வதுதானே சரி என்பதுபோல நான் மெல்லத் தலையை ஆட்டினேன்.

என் காதில் ஈ எதுவும் உட்காரவில்லை.