இடது கெண்டைக்காலின் நாலு நாள் ரகசியம்

புதன்கிழமை சாயங்காலம் ஆறே கால் மணிக்கு, முதல் பேஸைத் தொட இன்னும் மூன்றடி இருக்கும்போது, லிஃப்ட் மெக்கானிக்கின் இடது கெண்டைக்கால் முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மனிதர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தார்.

சாஃப்ட்பாலில் பெயர் மட்டும்தான் மென்மை. ஒருவர் கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை வீசுவார். எதிரணி ஆள் அதை மட்டையால் அடித்துவிட்டு, நாலு மூலையிலும் இருக்கும் பேஸ்களைத் தொட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். அடிப்பது யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஓடுவதில்தான் இருக்கிறது சங்கதி. அதிலும் இது ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான போட்டி. அணிக்கு 'இளம்புயல்' என்று பெயர் வைத்து இருபது வருடம் ஆகிறது. புயல் வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு நிலையாக மாறிப் பத்து வருடம் ஆகிறது. சட்டையில் மட்டும் பெயரை மாற்றவில்லை.

கேப்டன் ஓடி வந்தார். அதுவும் மரியாதைக்குச் சொல்வதுதான். அவர் பல் டாக்டர்.

"வாயைத் திறங்க" என்றார் பழக்க தோஷத்தில். பிறகு சுதாரித்துக்கொண்டு, "எந்தக் கால்?" என்றார்.

"இடது. ஒண்ணுமில்ல டாக்டர். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

"ஞாயித்துக்கிழமைதான் ஃபைனல்."

"அதனாலதான் சரியாயிடும்னு சொல்றேன்."

"விளையாட்டுப் பேச்சு இல்ல. ஒருத்தருக்கு இடுப்பு ஆபரேஷன். ஒருத்தருக்குக் கண்ணு. ஒருத்தர் பேத்தியைப் பாக்க வெளியூர் போயிட்டாரு. மிச்சம் இருக்கிறதே ஒன்பது பேர். உங்களையும் கழிச்சா எட்டு. எட்டுப் பேர் போனா ஆடாமலேயே தோத்ததா எழுதிடுவாங்க."

"என்னை ஏன் கழிக்கிறீங்க? நான் இல்லாம பந்து யாரு போடுவா? வருவேன். ஒரே ஒரு கண்டிஷன். இது என் வீட்டுக்குத் தெரியக் கூடாது."

பல் டாக்டர் தலையைச் சொறிந்தார். லிஃப்ட்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டுக்குத் தலைமை நர்ஸ். தெருவில் முன்னால் போகிறவரின் நடையைப் பார்த்தே, "இவருக்கு வலது முட்டி தேஞ்சு போச்சு, பாவம்" என்று சொல்லிக்கொண்டு வருவாள். போன வருடம் இவர் சுண்டுவிரலை உடைத்துக்கொண்டு வந்தபோது அவளேதான் கட்டுப் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, "இன்னொரு தடவை அடிபட்டுக்கிட்டு வந்தீங்கன்னா மட்டை பரணுக்குப் போயிடும்" என்றாள். கத்தவில்லை. கத்துகிற மனைவியை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவள் மெதுவாகச் சொல்வாள். சொன்னால் சொன்னதுதான்.

ஆனாலும் லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை குறையவில்லை. முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். உள்ளே ஆயிரம் கோளாறு இருந்தாலும் கதவு திறக்கும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். ஆட்டோவில் வரும்போதே திட்டம் தயாராகிவிட்டது. நடந்தால்தானே நொண்டுவது தெரியும்? அவள் கண் முன்னால் நடக்காமல் இருந்துவிட்டால் போயிற்று. நாலே நாள்.

முதல் சிக்கல் வாசலிலேயே காத்திருந்தது. வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தும் அவர் படியில்தான் ஏறுவார். "லிஃப்ட்டோட குடும்ப ரகசியம் தெரிஞ்சவன் அதுல ஏற மாட்டான்" என்று கட்டடம் முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தார். இன்றைக்கு வேறு வழியில்லை. ஏறினார். நாலாவது மாடியில் கதவு திறந்தது. எதிரே குப்பை வாளியுடன் மனைவி.

"என்னங்க இது, லிஃப்ட்ல வர்றீங்க?"

"உள்ள ஏதோ சத்தம் வருது. அதான் என்னன்னு பாத்தேன்."

"என்ன சத்தம்?"

"ஒரு மாதிரி முனகல்."

முனகியது அவர்தான். அந்த விவரத்துக்குள் அவர் போகவில்லை.

"அப்போ நாலு நாளைக்கு லிஃப்ட்லயே போயிட்டு வாங்க. நல்லா கவனிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. "கீழ் வீட்டு வாத்தியார்கிட்டயும் சொல்லி வைக்கறேன்."

இவ்வளவுதானா என்று இருந்தது லிஃப்ட்காரருக்கு. மலையைப் புரட்டக் கிளம்பியவர் கையில் கூழாங்கல்லைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் ஒன்று நடந்தது.

"நாளையிலேர்ந்து சனிக்கிழமை வரைக்கும் சாயங்காலம் எனக்கு எக்ஸ்ட்ரா டூட்டி. வர எட்டு மணி ஆயிடும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. குதிக்கலாம் போல இருந்தது. கால்தான் வேண்டாம் என்றது.

"போயிட்டு வா. ஜனங்களுக்குச் சேவை செய்யுற வேலை" என்றார் பெருந்தன்மையாக.

"வீட்டு வேலைதான் அப்படி அப்படியே கிடக்கும்."

"உட்கார்ந்து செய்யுற வேலையெல்லாம் எடுத்து வெச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

"உட்கார்ந்து செய்யுற வேலையா?"

"அதாவது... அவசரப்படாம, நிதானமா உட்கார்ந்து."

மனைவி ஒரு நொடி அவரைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

ஒரு குடும்பத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இத்தனை இருக்கும் என்று லிஃப்ட்காரர் கனவிலும் நினைத்ததில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் முன்னால் இரண்டு கிலோ பூண்டு இருந்தது. அதை உரித்து முடித்தால் பக்கத்தில் சட்டைகள், பட்டன் இல்லாமல். அதற்குப் பக்கத்தில் அயர்ன் பண்ண வேண்டிய துணி, உட்கார்ந்த வாக்கிலேயே எட்டுகிற மாதிரி மேஜையைத் தாழ்வாக்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை டேபிள் ஃபேனைக் கழற்றித் துடைத்தார். பதினாலு வருடத்து மின்சார ரசீதை வருட வாரியாக அடுக்கினார். நடுவில் வாத்தியார் கதவைத் தட்டினார்.

"லிஃப்ட்ல முனகல் கேக்குதாமே. உங்க வீட்டம்மா சொன்னாங்க."

"ஆமா சார். பாத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்கு முனகல் கேக்கல. ஆனா மூணை அழுத்தினா அஞ்சுக்குப் போகுது. அதையும் பாருங்க. ஃபேன் ஓடல. கண்ணாடி ஆடுது. பட்டியல் போட்டுக் கொண்டுவந்திருக்கேன்."

பட்டியல் இரண்டு பக்கம். பொய் சொன்னவர் எப்படி மறுப்பது? லிஃப்ட்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்தார். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண்மணி, "மூணாவது மாடிப்பா" என்றுகூடச் சொன்னாள்.

அன்றைக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் போன் பண்ணினார். அணியில் முதல் பேஸில் நிற்பவர். அவரைக் 'கிளட்ச்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கால் எப்படிப்பா இருக்கு?"

"கால் தேவலை. கைதான் வலிக்குது."

"வீட்டுல சந்தேகம் வந்துச்சா?"

"துளிகூட இல்ல. அவ எலும்பு வார்டுல புலியா இருக்கலாம். புருஷன் விஷயத்துல பச்சைக் குழந்தை. எனக்கு நேரம் நல்லாயிருக்கு கிளட்ச்சு."

அந்தப் பக்கத்தில் இருமல் கேட்டது. அதற்குப் பின்னால் யாரோ, "அப்படிப் போடுங்க" என்று கைதட்டினார்கள்.

"பிராக்டிஸா?"

"ஆமா. சும்மா, ஒரு இதுக்கு."

தான் இல்லாமல் அப்படி என்னத்தைப் பிராக்டிஸ் பண்ணப் போகிறார்கள் என்று லிஃப்ட்காரர் அனுதாபத்தோடு போனை வைத்தார்.

சனிக்கிழமை மனைவி வந்தபோது செருப்பில் புல் ஒட்டியிருந்தது. கவனித்தார். ஆனால் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டால் அவளும் ஒன்று கேட்பாள். அவள் மேஜையில் ஒரு களிம்பு டியூபை வைத்தாள். "வார்டுல சும்மா குடுத்தாங்க. தசைப் பிடிப்புக்கு நல்லதாம். யாருக்காவது உதவும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். இவர் கதவைச் சாத்திக்கொண்டு பாதி டியூபைக் காலில் தேய்த்தார். அதிர்ஷ்டம் வந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும் என்பார்களே, இவருக்கு டியூபில் வந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே அவள் கிளம்பிவிட்டாள்.

"நான் முன்னாடி போறேன். உங்களுக்கு ஒன்பது மணிக்குத்தானே? மெதுவாவே வாங்க. படி வேண்டாம்."

வாங்க என்றாளா, போங்க என்றாளா என்று அவர் யோசிக்கவில்லை. ஏழாம் நம்பர் போட்ட நீலச் சட்டையை அலமாரி முழுக்கத் தேடினார். பட்டன் தைத்த சட்டை பதினொன்று இருந்தது. நீலச் சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். கால் முக்கால்வாசி தேறியிருந்தது. மனசு முழுவாசி தேறியிருந்தது. என் ஒருத்தனால் எட்டுப் பேர் மானம் காப்பாற்றப்படப் போகிறது என்று நினைக்கும்போது அவருக்கே நெஞ்சு விம்மியது.

மைதானத்தில் எட்டு நீலச் சட்டைகளை எண்ணினார். ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் ஒன்பது. பந்து வீசுகிற இடத்தில் ஒரு ஏழாம் நம்பர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொண்டையைத் தொப்பிக்குள் செருகியிருந்தது. திரும்பியது.

மனைவி அவருக்குக் கை காட்டினாள். உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டிய கை அது.

"டாக்டர், என்ன இது அநியாயம்?"

"ரூல் புக்கைப் பாத்துட்டேங்க" என்றார் பல் டாக்டர். "ஐம்பது தாண்டியிருக்கணும்னுதான் போட்டிருக்கு. ஆம்பளையா இருக்கணும்னு எங்கேயும் இல்ல. அவங்களே வயசுச் சான்றிதழ் குடுத்தாங்க."

லிஃப்ட்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். சொந்தத் தங்கையிடமே வயதைச் சொல்லாதவள்.

"யாரு சொன்னது அவகிட்ட?"

"நான்தான். அன்னிக்கே போன் பண்ணிட்டேன். அடிபட்டவங்க வீட்டுக்கு அன்னிக்கே கேப்டன் போன் பண்ணணும்னு போன வருஷம் தீர்மானம் போட்டோம்ல?"

"அது கிளட்ச்சு முட்டியை மறைச்சானேன்னு நான் கொண்டுவந்த தீர்மானம்."

"தீர்மானத்துல பேர் போடலியே."

ஆட்டம் தொடங்கியது. எதிரணி தபால்காரர்கள். போன வருடத்துச் சாம்பியன்கள். ஆயுள் முழுக்க நடந்த கால்கள், ஓடவும் ஓடும். லிஃப்ட்காரர் முதல் அரை மணி நேரம் வயிறெரிந்தார் என்பதை மறைப்பானேன். தான் நிற்க வேண்டிய இடம், தன் சட்டை, தன் பந்து. தன் பந்து நாலு அடி வாங்கியதும் அவள் திரும்பிப் பார்ப்பாள், அப்போது அவரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவள் வீசுகிற பந்து சோம்பேறி மாதிரி எழும்பும், வருமா வராதா என்று மேலே நின்று யோசிக்கும், பிறகு மட்டை போய்விட்ட இடத்துக்கு வந்து இறங்கும். தபால்காரர்கள் வராத கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் மூன்றாவது தடவையும் காற்றை அடித்து அவுட்டாகி, கோப்பை இளம்புயலுக்கு என்று ஆனபோது பெஞ்சில் நொண்டிக்காலோடு எழுந்து நின்று, "அவ என் பொண்டாட்டி" என்று பக்கத்தில் இருந்த நடுவரின் சட்டையைப் பிடித்துச் சொன்னவர் சாட்சாத் லிஃப்ட்காரர்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அவள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள்.

"புதன்கிழமையே தெரியும்ல உனக்கு?"

"நீங்க லிஃப்ட்ல ஏறுறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்போ அப்பவே சொல்லியிருக்கலாமே."

"இந்தத் தசைக்கு நாலு நாள் ஓய்வு வேணும். உட்காருங்கன்னு சொன்னா உட்காருவீங்களா? என்கிட்ட மறைக்கணும்னாதான் உட்காருவீங்க."

"அந்த ரெண்டு கிலோ பூண்டு?"

"அது மருத்துவம் இல்ல. அது எனக்காக."

"இப்படிப் பந்து போட எங்க கத்துக்கிட்டே?"

"நர்சிங் ஸ்கூல்ல மூணு வருஷம் நான்தான் போட்டேன். இருபது வருஷமா சாப்பிடும்போதெல்லாம் உங்க ஆட்டத்தைப் பத்திதான் பேசறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லையே."

அவர் காலை இன்னும் கொஞ்சம் வசதியாக அவள் மடியில் நகர்த்திக்கொண்டார்.

இளம்புயலில் கேப்டனுக்குத் தேர்தல் கிடையாது. மட்டை, கையுறை, பேஸ் எல்லாம் அடைத்த பெரிய பையை யார் தூக்கிக்கொண்டு போகிறாரோ அவர்தான் கேப்டன். எல்லாருக்கும் முதுகுவலி என்பதால் கார் வைத்திருந்த பல் டாக்டர் ஆறு வருடமாகப் பதவியில் மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பைக்குப் பக்கத்தில் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும்போது, தினமும் எண்பது கிலோ நோயாளிகளைப் புரட்டிப் போடுகிற தலைமை நர்ஸ் வந்து அதை ஒரு கையால் தூக்கித் தோளில் மாட்டினாள். பல் டாக்டர் "அப்பாடா" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு பதவியேற்பு முடிந்தது.

லிஃப்ட்காரர் நொண்டிக்கொண்டே அவளைப் பின்தொடர்ந்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் தாராளமாகவே நொண்டினார்.

"ஏம்மா, ரெண்டு வாரத்துல இது சரியாயிடும்ல?"

"சரியாயிடும்."

"அப்போ மறுபடி பந்து போடறது நான்தானே?"

அவள் நின்றாள். உச்சியிலிருந்து பாதம் வரை, வார்டில் புதிதாகச் சேர்ந்த ஆளைப் பார்ப்பது போல, ஒருமுறை பார்த்தாள்.

"அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை புது ஆளுங்களுக்கு செலக்ஷன் வெச்சிருக்கேன். சாயங்காலம் அஞ்சரைக்கு வாங்க, பாக்கலாம்."