பல் மருத்துவர் கருங்கார் தேய்த்த படலம்

வாழ்க, அசையாக் கடைவாய்ப் பல்லையும் அசைத்தெடுக்கும் குறடேந்திய கரத்தர்! வாழ்க, ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிவிட்டுத் தம் வீட்டில் தம் வாயை மட்டும் திறவாத பேரடக்கமுடையார்! வெண்மையைத் துலக்குவதையே தொழிலாகக் கொண்ட அவ்வீரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி தொடங்கிப் பிற்பகல் வரை கருமையோடு பொருது களைத்த கதையைப் பாடப் புகுந்தேன். சொற்களுக்கு உரிய தெய்வமே, என் நாவில் வந்து அமர்க. அமர இடம் போதவில்லையெனில் நின்றபடியேனும் நான்கு உவமைகளைத் தந்துவிட்டுச் செல்க.

கார் என்றால் கருமை. கார் என்றால் மழைமேகம். கார் என்றால் மச்சானின் வண்டி. இம்மூன்று பொருளும் ஓருருவாய்த் திரண்டு, நிலவில்லா வானம்போல், மையூறிய கிணறுபோல், குற்றம் கண்டுபிடித்த மாமியாரின் மௌனம்போல் வாசலில் நின்றது அக்கருங்கார்.

அதன் உரிமையாளர் மருத்துவரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். அண்ணனும் தங்கையும் இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதில் தொடங்கியது என்பது இருவருக்கும் சரியாக நினைவில்லை. யார் முதலில் போனை வைத்தார்கள் என்பது மட்டும் இருவருக்கும் நன்றாக நினைவிருந்தது, வேறுவேறு விதமாக. அப்படிப்பட்ட அண்ணன் போன வாரம் தாமாகவே வந்தார். வேலை விஷயமாக ஒரு வாரம் வெளியூர் போகிறாராம். சாவியை நீட்டி, "வண்டி சும்மாதான் நிக்கப்போகுது. வச்சுக்கோ" என்றார். தங்கை வாங்கிக்கொண்டு, "என் வீட்டுக்காரர் பத்திரமா பார்த்துப்பார்ணா" என்றாள். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் பேசிய பேச்சு அவ்வளவே. மன்னர்கள் உடன்படிக்கையைச் செப்பேட்டில் பொறித்தார்கள். இவர்கள் ஒரு சாவிக்கொத்தில் முடித்துக்கொண்டார்கள்.

மாலை நான்கு மணிக்கு அண்ணன் வண்டியைத் திரும்ப எடுக்க வருவதாகச் செய்தி. வண்டியை வாங்கியதைவிடப் பொலிவாகத் திருப்பித் தரவேண்டும் என்ற பேராசை மருத்துவரைப் பிடித்தது. வீரர்களை வீழ்த்துவது எப்போதும் இந்த மாதிரியான நல்லெண்ணம்தான். ஒரு வாரத் தூசி பானெட்டின்மேல் மெல்லிய போர்வையாய்ப் படர்ந்திருக்க, வாளி எங்கே என்று தேடச் சோம்பிய அவ்வீரர், கொடியில் காய்ந்து முறுகிய துண்டொன்றை உருவி, மலையை உருட்டுவார்போல் மார்பை முன்தள்ளி, உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

அப்போது எதிர்க் கட்டிடத்தின் தலைக்குமேல் சூரியன் எழுந்தான். மேகம் மறைக்கவில்லை, மரம் தடுக்கவில்லை. கருங்காரின் நெற்றியில், துடைத்த கை போன வழியெல்லாம், நூறு சிலந்திகள் கூடி வலை பின்னியதுபோல் நுண்ணிய வெண்கீறல்கள் மின்னின. மருத்துவரின் துண்டு கையிலிருந்து நழுவியது.

"என்னங்க, துடைச்சாச்சா?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

"நடந்துட்டே இருக்கு!" என்று முழங்கினார் வீரர். அது பொய்யன்று, ஆனால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் விவரிக்கவில்லை.

முதற்போர் பற்பசைப் போர். கீறலைப் பற்பசையால் போக்கலாம் என்று எங்கோ படித்த ஒற்றை வரி நினைவுக்கு வர, இது தம் சொந்த நாடு, தம் சொந்தப் படை என்று அவர் தோள் பூரித்தார். எந்தப் பசை எவ்வளவு உராயும் என்பதை இருபது ஆண்டுகள் நோயாளிகளுக்கு எடுத்துச் சொன்ன வாயல்லவா! ஒரு முழுக் குழாயைப் பிதுக்கி, மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது, வட்டமாகத் தேய்க்கவேண்டும் என்ற தம் உபதேசத்தைத் தாமே பின்பற்றித் தேய்த்து முடித்துப் பார்த்தபோது, கீறல்கள் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றி மங்கலாய், மூடுபனிபோல், தட்டளவு வெண்திட்டு ஒன்று புதிதாய்ச் சேர்ந்திருந்தது. வண்டி மட்டும் புதினா மணத்தது.

இந்தக் கோலத்தை மேல்மாடிப் பால்கனியிலிருந்து ஒருத்தி கண்டாள். டிரைவிங் ஸ்கூல் டீச்சர் அவள். அவளுடைய சிறிய வண்டியின் உடம்பில் அவளிடம் பயின்ற அத்தனை பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். கீறல் சாத்திரத்தில் அவளுக்கு நிகர் அத்தெருவில் இல்லை. செருப்பு சத்தமிட இறங்கி வந்தவள், சுட்டுவிரல் நகத்தை ஒரு கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டினாள்.

"நகம் மாட்டல பாருங்க. அப்போ மேல் பூச்சோட நின்னுடுச்சு. பயப்படாதீங்க டாக்டர், காம்பவுண்ட் போட்டா போயிடும்."

"காம்பவுண்டா? சுவரா?"

"சுவர் கட்டி மறைக்கவா சொன்னேன்? தேய்க்கிற பசைங்க. முதல்ல சோப்புத் தண்ணியில தூசி போகக் கழுவுங்க. வண்டியை நிழலுக்குக் கொண்டுபோங்க. அப்புறம் கொஞ்சமா தொட்டு, சின்னச் சின்ன வட்டமா தேயுங்க. ஆனா ஒண்ணு, கறுப்பு எதையும் மறைக்காது. ஆரம்பிச்சா நிறுத்த முடியாது."

டப்பாவையும் பஞ்சுத் துணியையும் கொடுத்துவிட்டு அவள் மேலேறிப் போனாள். கடைசி வாக்கியத்தை மருத்துவர் காதில் வாங்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு பெரும்போர் வருணனை வரவேண்டும். யானைகள் பிளிற, தேர்கள் முறிய, குருதியாறு ஓட. ஆனால் உண்மையில் நடந்தது ஒரு நடுத்தர வயது மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, உள்ளங்கையளவு இடத்தை முக்கால் மணி நேரம் தேய்த்தது. ஆயினும் அவர் வென்றார்! வெண்திட்டு கரைந்தது; சிலந்திவலை அறுந்தது; அந்த உள்ளங்கையளவு இடம் கருங்குவளைக் குளமாய்ப் பளபளத்து அவர் முகத்தையே அவருக்குக் காட்டியது. அவர் ஓரடி பின்வாங்கிப் பார்த்தார். மூன்றடி பின்வாங்கிப் பார்த்தார். அந்த ஓரிடம் மின்னிய மின்னலில் மற்ற பானெட் முழுதும் அழுக்கடைந்த கரும்பலகையாய்த் தெரிந்தது.

எனவே பானெட் முழுதும் தேய்த்தார். பானெட் மின்னியதும் இடப்பக்கம் மங்கியது. இடப்பக்கம் மின்னியதும் வலப்பக்கம் முறையிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அழைத்த குரலுக்கு "வர்றேன்" என்றார், வரவில்லை. தோள் எரிந்தது, விரல் மரத்தது, முழங்காலில் சரளைக்கல் பதிந்தது. "இன்றைக்கு இந்த இருள் என்முன் பணியும்!" என்று அவர் முழங்கியபோது, தெருவில் போன காய்கறிக்காரர் ஒருகணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஓட்டுநர் பக்கக் கதவை அடைந்தபோதுதான் விதி தன் முகத்தைக் காட்டியது. அவர் தேய்க்கத் தேய்க்க, கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு எழுந்தது. முதலில் விரலளவு. துடைத்துப் பார்த்தால் சாணளவு. பதறி மேலும் தேய்க்க, முழங்கையளவு. நகத்தை ஓட்டினார், நகம் மாட்டியது. இல்லாத கோட்டைத் தம் கையாலேயே கதவில் வெட்டிவிட்டதாக நம்பிய அவ்வீரர், துணியை விட்டெறிந்து, உள்ளே ஓடி, காலணிக்குப் போடும் கறுப்பு பாலிஷ் டப்பாவோடு திரும்பி, கோட்டின்முன் மண்டியிட்டார். மறைப்பது ஒன்றே இனி வழி. விரல் நுனியில் கருமை, கண்ணில் நீர். வீரர்கள் அழுவதில்லை, ஆகவே அது காம்பவுண்ட் பட்ட எரிச்சல் என்று கொள்க.

"என்ன பண்றீங்க?"

மனைவி பின்னால் நின்றாள். அவர் முழுக் கதையையும் சொன்னார், காய்ந்த துண்டு தொடங்கி. அவள் கோட்டைப் பார்த்தாள். கணவரின் விரலைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்தான்" என்றாள். "நான்தான் பத்திரமா பார்த்துப்பார்னு சொன்னேன்."

"பூசிட்டா தெரியாது. நிஜமா தெரியாது."

"வேண்டாம். அவனுக்குத் தெரியாம ஒண்ணு வச்சுகிட்டு நான் எப்படி அவன்கூடப் பேசுவேன்? கையைக் கழுவுங்க. நானே சொல்லிக்கிறேன். மறுபடி பேசாம போனா போகட்டும்."

போகட்டும் என்று சொன்ன குரல் போகட்டும் என்று சொல்லவில்லை. அதைக் கேட்ட மருத்துவர், அன்று பட்ட அத்தனை எரிச்சலிலும் அதுவே கொடிதென்று உணர்ந்து, டப்பாவை மூடினார்.

அந்நேரம் பார்த்து, அரைமணி முன்னதாகவே, வாடகை வண்டியிலிருந்து இறங்கினார் அண்ணன். தங்கை நேரே அவர்முன் போய் நின்றாள்.

"அண்ணா, வண்டியில கோடு விழுந்துடுச்சு. பெரிய கோடு. எங்க தப்புதான்."

அண்ணன் பையைக் கீழே வைத்தார். கதவருகே குனிந்தார். நகத்தை ஓட்டினார். அவர் முகம் வெளுத்தது. யுகம்போல் நீண்ட அந்தக் கணத்தில் காற்று நின்றது, காகம் கரைவதை நிறுத்தியது, மருத்துவர் சுவரோரம் ஒதுங்கினார்.

"இது எப்படி வெளியே வந்துச்சு?" என்றார் அண்ணன்.

"எது?"

"இது என்னோட கோடும்மா. எட்டு மாசம் ஆச்சு. மார்க்கெட் தூண்ல நானே உரசினேன். கறுப்பு மெழுகு வச்சு அடைச்சிருந்தேன். உங்க அண்ணிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை, மெழுகு முழுக்கவா தேய்ச்சு எடுத்தீங்க?"

"கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுட்டேன் மச்சான்" என்றார் வீரர்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். கருமை பூசிய கையோடு நின்ற கணவரைப் பார்த்தாள். சிரிப்பு அடக்க அடக்கத் திமிறி, கடைசியில் வாய்விட்டு வெடித்தது. "எட்டு மாசமா! எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா இவர்கிட்ட சொல்லி வேற ஏதாவது அடைச்சுக் குடுத்திருப்பேனே, பல்லு அடைக்கிற மாதிரி!"

"உன்கிட்ட எப்படிப் போன் பண்றது? நீதான் வச்சுட்டியே."

"நானா வச்சேன்? நீதான்!"

"சத்தியமா நீதான்!"

சண்டை இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. ஆனால் இம்முறை இருவரும் சிரித்துக்கொண்டே சண்டையிட்டார்கள், சண்டையிட்டுக்கொண்டே படியேறினார்கள், உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் முழங்கால் வலி, அண்ணி மாற்றிய வேலை, யார் பிள்ளை எவ்வளவு உயரம் என்று மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினார்கள்.

வெளியே, ஒரு பக்கம் கண்ணாடியாய் மின்ன, மறுபக்கம் பாதி மங்கி, கதவில் வடுவோடு நின்றது கருங்கார். அதன் அருகே, இருளை வென்றவர், இருகுலம் இணைத்தவர், மறைந்தவற்றை வெளிக்கொணர்ந்தவர், மும்முறை நிமிர முயன்று நான்காம் முறை நிமிர்ந்தவர், தம் பெருவெற்றியைப் பாட யாரேனும் திரும்பிப் பார்ப்பார்களா என்று சன்னலை நோக்கிக் கம்பீரமாய்க் காத்து நின்றார்.

வீட்டில் பால் தீர்ந்துபோயிருந்ததால் அவரைக் கடைக்குப் போய் வாங்கிவரச் சொன்னார்கள்.