நான் அவிழ்த்துவிட்ட புலி

என் வாழ்நாளில் நான் எழுதிய பொய்ச் செய்தி ஒன்றே ஒன்று. மூன்றே வரி. அதற்காக எழுதிய மன்னிப்புக் கடிதம் நான்கு பக்கம்.

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான் டீச்சர். போனில் வருவதையெல்லாம் நம்பக் கூடாது, யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும் என்பது அன்றைய பாடம். சும்மா சொன்னால் மண்டையில் ஏறாது என்று நானே ஒரு பொய்யைத் தயாரித்தேன். (அப்போது என்னை மாவட்டத்திலேயே சிறந்த ஆசிரியை என்று நினைத்திருந்தேன். நினைத்தது நான் மட்டும்தான்.)

"நம் பள்ளிக்குள் புலி புகுந்துவிட்டது. பிள்ளைகள் வகுப்பில் அடைபட்டிருக்கிறார்கள். உடனே பகிரவும்."

வகுப்பில் வாசித்துக் காட்டி, வீட்டுப்பாடமாக வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அடுத்து, "இது பொய். இதிலுள்ள தப்புகளைக் கண்டுபிடிக்கவும்" என்று தட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் மலையில் ரேஞ்ச் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். முதல் செய்தி போயிற்று, இரண்டாவது போகவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, குழுவில் இருந்தவை பிள்ளைகளின் எண்களே இல்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான். பகலில் அது கொழுந்துக் காட்டில், அம்மாவின் இடுப்பில் இருக்கும்.

அரை மணி நேரம் கழித்து, "பதறாமல் யோசி" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே "புலி, புலி" என்று ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், முப்பது பெண்கள் கம்பும் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியுமாகச் சரிவில் இறங்கி ஓடி வருகிறார்கள்.

நிஜமாகவே புலி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். கதவைத் தாழிட்டு, "எல்லாரும் பெஞ்சுக்கு அடியில போங்க" என்று கத்தியபடி முதல் ஆளாக மேசைக்கு அடியில் புகுந்தேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. முன்பெஞ்சு கவிதா குனிந்து என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், அது நீங்க எழுதுன புலிதான?"

கதவைத் திறந்தபோது முதலில் நுழைந்தவள் கவிதாவின் அம்மா செல்வி. வழியில் விழுந்து முழங்காலில் ரத்தம். மகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "செல்விக்கா, போன்ல வந்தா கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?" என்றேன். (இதைச் சொன்ன வாயோடுதான் இன்னும் சாப்பிடுகிறேன்.)

"யோசிச்சேன் டீச்சர். வேற யாரும் அனுப்பியிருந்தா சிரிச்சுட்டு கொழுந்து கிள்ளியிருப்பேன். யாரு சொன்னதுன்னு பாத்தேன். நீங்க. அதான் ஓடியாந்தேன்."

அவள் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். பதில்தான் நானாக இருந்துவிட்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து அவர்களுக்கு அந்த நான்கு பக்கக் கடிதத்தை எழுதினேன்.

என் வீட்டுக்காரர் பீர்மேட்டுப் பாதையில் ஜீப் ஓட்டுகிறார். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும், "இது நெசமா, பாடமா?" என்பார். போன மழையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியவில்லை என்று போனில் அழுதேன். அப்போதும் அதையேதான் கேட்டார். என்னைத் தூக்க வந்த செல்வியக்கா போனை வாங்கி, "நெசந்தாண்ணே, வாங்க" என்று சொன்ன பிறகுதான் ஜீப்பை எடுத்தார்.